பையோடு நட்ட மலை

சென்ற மாதம் உங்கள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். நன்றி. ஓய்வுபெற்றவர்களை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துத் தேநீர் கொடுக்க வேண்டும் என்று ஒரு பழைய சுற்றறிக்கை இருப்பதால்தான் அழைத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சுற்றறிக்கையை எழுதியவன் நான். அதில் பிஸ்கட்டையும் சேர்த்திருந்தேன். அதை யாரோ எடுத்துவிட்டார்கள்.

சூடான உரமண் நிறைந்த பெட்டிக்குள் உங்கள் மக்கும் பையைப் போட்டுச் சோதிப்பதைக் காட்டினீர்கள். அறிக்கையின் நகல் ஒன்றும் தந்தீர்கள். அதில் ஒரு வரி: “மாதிரி முழுவதும் மறைந்துவிட்டது.” வீட்டுக்கு வந்து அந்த வரியின் கீழ்ப் பென்சிலால் கோடு போட்டேன். அதே சொல்லை நானும் ஒருமுறை எழுதினேன். அதனால் ஒரு மலை செத்தது. இருபது பெண்களின் பிழைப்பு ஒரு பகல் முழுவதும் என் நாக்கு நுனியில் நின்றது.

செய்முறைகளைச் சொல்லித்தர வரவில்லை. அவை என் காலத்தைவிட நல்ல தாளில் உங்களிடம் அச்சாகியிருக்கின்றன. நான் செய்முறைகளை ஒருநாளும் மீறியவன் அல்ல. இந்தக் கதையிலும் மீறவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

எழுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் மண்ணாய்வு உபநிலையம் பொகவந்தலாவைக்கு மேலே, ஒரு பெரிய தோட்டத்தின் எல்லையில் இருந்தது. ஒரு சின்னக் கட்டடம், ஒரு மழைமானி, ஒரு விடுதி, நான். மாதம் ஒருமுறை பிரிவுத் தலைவர் ஜீப்பில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். தோட்டத்து உத்தியோகத்தர்கள் கல்யாண அட்டை அனுப்புவார்கள். வீட்டுக்கு வா என்று சொல்லமாட்டார்கள். என் அம்மா ஹற்றன் பக்கத்தில் கொழுந்து பறித்தவர் என்பது அவர்களுக்குத் தெரியும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த மக்கள் என்னைக் கண்டால் பாதையை விட்டு ஒதுங்கி நிற்பார்கள். நான் சப்பாத்துப் போட்டவன் என்பது அவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை. பேசத்தான் ஆளில்லை. மழை பெய்யாத நாளில் மழைமானியில் ‘இல்லை’ என்று எழுதும்போது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். மழை என்றால் ஒரு வேலையாவது இருக்கும்.

விதிவிலக்காக ஒருவர் இருந்தார், பாக்கியம். தோட்டத்து நாற்றுமேடையில் வேலை செய்த பெண்களில் மூத்தவர். தன் கல்யாணத்துக்கு முன்னால், என் அம்மா இருந்த லயத்திலேயே இருந்தவர்; சின்ன வயதில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்ததாகச் சொல்வார். தனியே பார்த்தால் “தம்பி” என்பார். மற்றவர்கள் இருந்தால் “மண்ணு ஐயா.” மண்ணைத் தோண்டி நிறுத்துச் சம்பளம் வாங்குகிற ஒருவனுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

பாக்கியத்தின் வேலை என்ன என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். தேயிலைக் குச்சிகளைப் பொலித்தீன் பைகளில் மண் நிரப்பி நட்டு, ஒரு வருடத்துக்கு மேல் நிழலில் வளர்ப்பார்கள். மழை பிடித்ததும் மலைக்குக் கொண்டுபோவார்கள். தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதிக்கும் மலை என்றுதான் பெயர். குழியில் வைக்கும் முன் பையை நெடுகப் பிளேட்டால் கீறி உருவிவிட வேண்டும். உருவாவிட்டால் வேருக்கு வெளியே வழியில்லை. உள்ளேயே சுருண்டு சுருண்டு வரும். மழை உள்ளவரை செடி பச்சையாக நின்று உங்களை ஏமாற்றும். முதல் வெயிலில் செத்துப்போகும்.

உருவிய வெறும் பைகளைப் பெண்கள் ஒரு கம்பியில் கோத்துக்கொள்வார்கள். மாலையில் அந்தக் கம்பியைப் பெரட்டுக்களத்தில் ஒப்படைக்க வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பதும் மாலையில் வேலையை ஒப்புக்கொள்வதும் அந்தக் களத்தில்தான். நட்ட ஒரு செடிக்கு ஒரு வெறும் பை. அதுதான் சாட்சி. பாக்கியத்தின் கம்பியை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு மாலையும் “எண்ணிக்குங்க” என்று சொல்லித்தான் கொடுப்பார்.

ஒப்படைத்த பைகளில் பாதி, களஞ்சியத்திலிருந்து எப்படியோ லயத்துக்கே திரும்பிவிடும். தகரத்து ஓட்டைக்கு, மழையில் தலைக்கு, பிறப்புச் சான்றிதழைச் சுற்றிவைக்க. பொலித்தீன் அன்று குப்பை அல்ல. சலவைசெய்து கொடியில் காயப்போட்ட பொலித்தீன் பைகளை நான் பார்த்திருக்கிறேன். மக்காது என்பதுதான் அதன் பெருமை.

அந்தப் பெருமையைக் கெடுக்க ஒரு முகவர் கொழும்பிலிருந்து வந்தார். பளபளப்பான சப்பாத்து, எங்கள் படிக்கட்டில் இரண்டு முறை வழுக்கினார். புது வகைப் பை கொண்டுவந்தார். பொலித்தீனோடு மாவு கலந்து செய்ததாம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மாவைத் தின்னும், பை பொடியாகும், பொடியையும் தின்னும், ஆறு மாதத்தில் மண்ணோடு மண். கீற வேண்டாம், உருவ வேண்டாம், பையோடு நடலாம்.

தோட்டத்துக்கு அது தேனாக இனித்தது. இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகும் குடும்பங்கள் போய்க்கொண்டே இருந்த காலம் அது. லயங்களில் பூட்டிக் கிடந்த காம்பரா அறைகள் மாதத்துக்கு மாதம் கூடின. கைகள் குறைந்த இடத்தில் ஒரு வேலை குறைந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? எங்கள் நிலையம் சோதித்துச் சொன்னால் வாங்குவோம் என்றார் தோட்டத்தை நிர்வகித்த துரை. சோதிப்பவன் நான்.

செய்முறை இப்படித் தொடங்கும்: மாதிரிகளைக் கழுவுக, காற்றில் உலர்த்துக, நிறுக்க. கழுவினேன். உலர்த்தினேன். நிறுக்கப் போனால் தராசு கெட்டுப்போய்க் கண்டிக்கு அனுப்பியிருந்தது. தராசு திரும்பி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை மாதிரிகளைக் கம்பிவலைக்குக் கீழே, கூரைத் தகரத்தின் மேல் விட்டுவைத்தேன். தை, மாசி வெயில். காற்று நன்றாக வந்தது. வெயிலும் வந்தது. ‘நிழலில்’ என்று செய்முறையில் ஒரு சொல் இல்லை. இல்லாத சொல்லை நானும் சேர்க்கவில்லை.

தராசு வந்ததும் நிறுத்தேன், புதைத்தேன். ஆறு மாதம் கழித்துத் தோண்டினேன். நகத்தளவு துண்டுகளாகக் கையில் வந்தன. எனக்கு வியப்பு, மகிழ்ச்சி. மண்ணைச் சல்லடையில் சலித்தேன். நின்றதை நிறுத்தேன். நிற்காமல் போனதை ‘மறைந்தது’ என்று எழுதினேன். சல்லடைக் கண் வழியே போனது எங்கே போனது என்று சல்லடைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் சல்லடை அறிக்கை எழுதவில்லை.

அட்டவணை, வரைபடம், நன்றியுரை எல்லாம் வைத்து அழகான அறிக்கை. பிரிவுத் தலைவர் முதுகில் தட்டினார். அந்த மலைப்பக்கத்தில் என் முதுகில் யாரும் தட்டி நெடுங்காலம் ஆகியிருந்தது. அதையும் ஒரு காரணமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு நாற்றுமேடையில் பாதிக்குப் புதுப் பை, பாதிக்குப் பழைய பை. புதியது சற்று மங்கலாக, கஞ்சி பட்டது போல இருக்கும். நாற்று வளர்ந்து, அதற்கடுத்த ஆனி மழையில் நடவு. நான் பார்க்கப் போனேன். படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் குழிக்குக் குழி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

“மண்ணு ஐயா, இந்தப் பையக் கீற வேணாமாமே?” என்றார் பாக்கியம்.

“வேணாம்க்கா. பழைய பையை மட்டும் கீறுங்க. இது ஆறு மாசத்துல மண்ணாயிரும்.”

“அது மண்ணாகுற வரைக்கும் வேரு எங்க போகும்?”

“பை மெல்ல மெல்ல விட்டுக்குடுக்கும். வேர் தொளைச்சுக்கிட்டு வந்துரும்.”

அவர் பையின் ஓரத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். அது நீண்டது, கிழியவில்லை.

“எங்க மருமக மாதிரில்ல இருக்கு. எவ்வளவு இழுத்தாலும் விட்டுக்குடுக்க மாட்டேங்குது.” பெண்கள் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். “தம்பி, ஒரு செடியாச்சும் பையோட நட்டுப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. என்னிடம் கேட்டது பையைச் சோதிக்க, செடியை அல்ல. “பையைப் பொதைச்சுச் சோதிச்சாச்சு அக்கா. ரிப்போட் இருக்கு” என்றேன்.

“சாயங்காலம் கம்பியில கோக்க ஒண்ணும் இருக்காதே. நாங்க செஞ்ச வேலைக்கு என்ன சாட்சி?”

“ரிப்போட்தான் சாட்சி.”

அவர் திரும்பிப் போய்ச் சத்தமாகச் சொன்னார்: “சரி வாங்கடி. மண்ணு ஐயா சொல்லிட்டாரு. மண்ணு கேக்குதோ இல்லியோ, நாம கேப்போம்.”

புதுப் பைக்குக் கணக்கு வேண்டியதில்லை என்றானதும், பழைய பைக்கும் களஞ்சியத்தில் கணக்கெடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வேலை குறைந்தால் பக்கத்து வேலையும் சேர்ந்து குறையும். அலுவலகம் நடத்தும் எவருக்கும் இது தெரியும்.

மழைக்காலம் முழுவதும் மலை பச்சையாக நின்றது. தை வெயில் வந்தது. மாசியில் பாதி மலை காய்ந்து சிவந்துவிட்டது.

ஒரு காலையில் துரை ஆளனுப்பினார். அவர் கெட்டவர் அல்ல; தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பின் வந்த இளம் துரை. மேலிடத்திலிருந்து மறுநாள் பார்க்க வருகிறார்கள், அவருக்கு ஒரு பதில் வேண்டும். மேசையில் பிடுங்கிய நாலைந்து செடிகள். ஒவ்வொன்றின் அடியிலும் பை அப்படியே இருந்தது. உள்ளே வேர் கொசுவத்திச் சுருள் போலச் சுற்றியிருந்தது. செம்மண் ஏறிப் பை எந்த நிறம் என்றே தெரியவில்லை.

“உங்க ரிப்போட்டைப் படிச்சேன்” என்றார். “புதுப் பை ஆறு மாசத்துல மறைஞ்சிரும். இங்க பாருங்க, நட்டு எட்டு மாசமாச்சு. இந்தப் பை மறையல்ல. அப்ப இது என்ன பை?”

நான் ஒரு செடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவரே பதிலும் சொன்னார்.

“பழைய பை. கீறாமலே நட்டிருக்காங்க. மழையில சோம்பேறித்தனம். இருபது பேர் பேரையும் வெட்டப் போறேன். சாயங்காலப் பெரட்டுல. நீங்க பார்த்து, இது பழைய பைதான்னு ஒரு வரி எழுதித் தாங்க.”

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. மறைவது புதுப் பை, இது மறையவில்லை, ஆகவே இது புதுப் பை அல்ல. மூன்று வரியில் முதல் வரி என்னுடையது.

பெயர் வெட்டுவது என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். பதிவிலிருந்து பெயர் போனால் காம்பராவையும் விட வேண்டும். பாக்கியத்தின் குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்தது. எத்தனை மாதமாகும் என்று ஒருவருக்கும் தெரியாது. அது வரும்வரை அவர்களுக்கு இருந்த ஒரே கூரை அந்தக் காம்பராதான்.

மலைக்குப் போனேன். செத்த செடிகளுக்கு நடுவே தனியே நடந்தேன். பழைய பையும் புதுப் பையும் எந்த வரிசையில் போனதென்று குறித்த தாள் ஒன்றும் இல்லை. எட்டாவது பத்தாவது செடியைத் தோண்டிக்கொண்டிருந்தபோது பாக்கியம் பின்னால் வந்து நின்றார். கையில் ஒரு பழைய பால்மா டின். காலையிலிருந்து வேலை கொடுக்கவில்லை; செய்தி லயத்துக்குப் போய்விட்டது.

“எங்க பேர வெட்டப் போறாங்களாமே, ஐயா?”

யாரும் பக்கத்தில் இல்லை. இருந்தும் ‘ஐயா’ என்றார்.

“பார்த்துக்கிட்டிருக்கேன் அக்கா.”

“நல்லாப் பாருங்க. பழசக் கீறினேன், புதுச விட்டேன். எங் கையால. குருட்டுப் பூனை மாதிரி நான் நடல்ல.” டின்னைத் திறந்து என் உள்ளங்கையில் கவிழ்த்தார். அப்பளத் தூள் போல ஏதோ விழுந்தது. “இது என்னன்னு சொல்லுங்க.”

தேய்த்துப் பார்த்தேன். கஞ்சி நிறம். “புதுப் பை. எங்க இருந்து?”

“நர்சரியில கிழிஞ்சு போன ரெண்டைக் கொண்டாந்து காம்பரா சன்னலுக்குக் கட்டினேன். கண்ணாடி ஒடஞ்ச சன்னலு. வெயிலு நேரா வுழும். மூணு மாசத்துல இப்பிடி ஒடஞ்சு கொட்டிருச்சு. சோத்துக்குள்ள எல்லாம் வுழுந்துச்சு.” கீழே கிடந்த செடியைக் காலால் தள்ளிக் காட்டினார். “மண்ணுக்குள்ள இருந்தது அப்பிடியே இருக்கு. வெயில்ல இருந்தது தூளாப் போச்சு. நீங்க எதை ஐயா பொதைச்சீங்க?”

இந்தக் கேள்வியை என்னிடம் எந்தப் பரிசீலனைக் குழுவும் கேட்டதில்லை. கூரைத் தகரமும் கம்பிவலையும் கண்டிக்குப் போன தராசும் ஒன்றன்பின் ஒன்றாக என் முன் வந்து நின்றன. நான் புதைத்தது பையை அல்ல. வெயில் ஏற்கெனவே கொன்றுவிட்ட ஒன்றை. நாற்றுமேடையோ முழு நிழல். அங்கிருந்து நேரே மண்ணுக்குள் போன பைக்கு யார் என்ன செய்திருக்க முடியும்?

ஆனால் நினைப்பது வேறு, காட்டுவது வேறு. மண்ணேறிய அந்தப் பை புதியதுதான் என்று காட்ட வேண்டும். தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போய், காயத்துக்குப் போடும் அயடீன் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். என்ன காயம் என்று கேட்டார்கள். இன்னும் படவில்லை என்றேன்.

மாவில் அயடீன் பட்டால் நீலமாகும், பள்ளிக்கூடப் பாடம். பீலியில் வழிந்த ஊற்றுத் தண்ணீரில் பையைக் கழுவி, மேற்பரப்பில் ஒரு துளி விட்டேன். நிறம் மாறவில்லை. ஒரு கணம் மனசு லேசானது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். பழைய பையாகவே இருந்துவிட்டால் என் அறிக்கை பிழைக்கும். பிறகு பையைக் கிழித்தேன். கிழிந்த புது விளிம்பில் ஒரு துளி விட்டேன். விளிம்பு நெடுகப் புள்ளி புள்ளியாக நீலம் ஏறியது.

மேலேயிருந்த மாவை நுண்ணுயிர்கள் உண்மையாகவே தின்றிருந்தன. முகவர் அந்த மட்டில் பொய் சொல்லவில்லை. பந்தியில் சோற்றைத் தின்றுவிட்டு இலையை விட்டுப் போகிற விருந்தாளிகள் அவை. இலை அப்படியே கிடந்தது. வெயிலில் கிடந்தாலும் அது பொடியாகும், அவ்வளவுதான். பொடியாவது வேறு, மக்குவது வேறு. மக்கினால் அது வேறொன்றாகிவிடும், இன்னொரு உயிருக்குச் சோறாகும். பொடியானால் அது அதுவேதான். நம் கண்ணுக்குத்தான் தப்பியது. நெடுங்காலம் கழித்து, யாத்திரை மலையின் அடிவாரமான நல்லதண்ணியில் பருவகாலக் கடைகளுக்குப் பின்னால் சரிந்த ஒரு மண்மேட்டைப் பார்க்க அனுப்பினார்கள். வெட்டுமுகத்தில் மண், பொலித்தீன், மண், பொலித்தீன் என்று தட்டுத் தட்டாக இருந்தது. வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள், பைகள் இருந்தன. தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேடு வழுக்கி விழுந்திருந்தது. அதன் கீழே ஓடிய ஓடையில் நகத்தளவு, அரிசியளவு, தூசியளவுப் பொலித்தீன் துண்டுகள். எந்தச் சல்லடையாலும் அந்தத் தூசியைப் பிடிக்க முடியாது. அந்தத் தண்ணீரைத்தான் கீழேயுள்ள லயங்கள் குடித்தன.

தோட்டத்து அலுவலகத்திலிருந்து பிரிவுத் தலைவருக்குத் தொலைபேசினேன். பெயர் வேண்டாம், எனக்கு வேலை கற்றுத்தந்தவர். முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: “தம்பி, நம்ம தொழில்ல ஒரு வாக்கியம் இருக்கு. ‘மாதிரியின் நிலை காரணமாக நிர்ணயிக்க இயலவில்லை.’ இருபத்தஞ்சு வருசமா எழுதுறேன். அது யாரையும் கொன்னதில்ல.”

“எழுதினா துரை அந்தப் பொம்பளைங்க பேரை வெட்டிருவாரே, சார்.”

“அது துரையோட தீர்மானம். உன்னுடையது இல்ல.”

“முதல் அறிக்கை என்னுடையது.”

“அதுல என் கையெழுத்தும் இருக்கு” என்றார். குரலில் கோபமில்லை, களைப்பு இருந்தது. “பென்சனுக்கு எனக்கு ரெண்டு வருசம். உனக்கு இன்னும் முப்பது. யோசிச்சுச் செய்.” வைத்துவிட்டார்.

யோசித்தேன். அவர் சொன்ன வாக்கியம் உண்மைக்குப் புறம்பானதல்ல என்பதுதான் அதன் அழகு. எந்தச் செய்முறைக்கும் அது பொருந்தும். ஆனால் ‘தெரியாது’ என்பது நடுவில் நிற்கிற சொல் அல்ல. அது எப்போதும் பள்ளத்தின் பக்கம் உருளும். பள்ளத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அதை எழுத வேண்டும். எனக்குத் தெரியும் என்ற பிறகு, தெரியாது என்று எழுதுவதற்கு வேறு பெயர்.

மாலைப் பெரட்டு. கொழுந்து நிறுத்து முடிந்து எல்லாரும் நின்றார்கள். அந்த இருபது பேர் ஒரு ஓரமாக. துரை பதிவேட்டைத் திறந்துவைத்திருந்தார். நான் மேசைக்கு முன்னால் போய்ப் பையைக் கிழித்தேன், அயடீன் விட்டேன், நீலத்தைக் காட்டினேன். இரண்டு துளி பதிவேட்டிலும் விழுந்தது.

“இது புதுப் பை” என்றேன். “கீற வேண்டாம்னு சொன்னது நான். இவங்க சொன்னபடி செஞ்சாங்க. என் அறிக்கை பிழை.”

துரை கிழிந்த விளிம்பை நெடுநேரம் பார்த்தார். “எழுதித் தருவீங்களா?”

அங்கேயே நின்றுகொண்டு எழுதினேன். மூன்று வரி: இது புதுப் பை, இது மண்ணில் மக்காது, என் அறிக்கை பிழை. அட்டவணை இல்லை, வரைபடம் இல்லை, நன்றியுரை இல்லை. நான் எழுதியவற்றில் பிழையில்லாதது அது ஒன்றுதான். துரை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பதிவேட்டை மூடினார். கூட்டம் கலைந்தது. யாரும் என்னிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. விடுதிக்கு நடந்து வந்து மழைமானியைப் பார்த்தேன். இல்லை.

மாற்றல் கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. பட்டிப்பொலவில் ஒரு வானிலைக் குறிப்பு நிலையம். அங்கே புதைக்க ஒன்றுமில்லை. காற்றையும் குளிரையும் குறித்தால் போதும். பிரிவுத் தலைவரே கையெழுத்திட்டிருந்தார். அவர் தன் பென்சனைக் காப்பாற்றிக்கொண்டார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. வேலைநீக்கத்தை மாற்றலாகக் குறைத்து அவர் என் வேலையையும் காப்பாற்றியிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அதற்குள் சித்திரை மழை முந்திக்கொண்டு பிடித்திருந்தது. உயிரோடிருந்த செடிகளைத் தோண்டியெடுத்து, பையைக் கீறி, மறுபடி நடும்படி அதே பெண்களுக்கு உத்தரவு. நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மாலை, பாக்கியம் விடுதிப் படியில் வந்து நின்றார். தோளில் கம்பி. கம்பி நிறையப் புதுப் பைகள், கழுவி, கோத்து.

“இதக் களத்துல குடுக்கணும்க்கா.”

“களத்துல இப்ப எடுக்குறதில்ல. ரிப்போட்தான் சாட்சின்னீங்க. இதான் சாட்சி.” கம்பியைப் படியில் வைத்தார். “ஏழாம் வரிசை முழுசும் எங் கையால மறுபடி நட்டது. எண்ணிக்குங்க.”

போய்விட்டார். நன்றி, மன்னிப்பு, ஒன்றுமில்லை. எண்ணினேன். மறுநாள் புறப்படும் வழியில் ஏழாம் வரிசையில் நின்று செடிகளையும் எண்ணினேன். ஒரு பை குறைந்தது. பாக்கியத்தின் கம்பியில் ஒன்று குறைந்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் நம்புவது என் வேலை அல்ல, குறித்துக்கொண்டேன்.

பட்டிப்பொலவில் மூடுபனிக்குத் துணையாக இரண்டு வருடம். கோச்சி வரும் நேரத்தில் ஸ்டேசனுக்குப் போய் நிற்பேன். யாரும் எனக்காக வருவதில்லை, ஆனால் யாராவது இறங்குவார்கள். ஒருநாள் இறங்கிய கொழுந்துக் கணக்கர் ஒருவர், பொகவந்தலாவைப் பக்கத்துக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை ஹற்றனில் ஏறுகின்றன என்றார். பெயர்களில் பாக்கியத்தின் குடும்பமும் இருந்தது.

ஹற்றன் மேடையில் காலை பத்து மணிக்கு நிற்க இடமில்லை. ஏறுகிறவர்கள் அழுதார்கள், ஏற்றிவிடுகிறவர்கள் அழுதார்கள். பாக்கியம் ஜன்னலோரம் அழாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் தகரப் பெட்டி.

“வந்துட்டீங்களா தம்பி” என்றார், நேற்றுப் பார்த்தவர் போல. “மெலிஞ்சு போனீங்களே. அங்க மழையத் தின்னுதான் இருக்கீங்களா?”

“ஏழாம் வரிசை எப்படி இருக்கு அக்கா?”

“வளந்து, கவ்வாத்து வெட்டுற பருவத்துக்கு வந்துருச்சு. நான்தான் பாக்க மாட்டேன்.” பிறகு கூர்ந்து பார்த்தார். “அந்தக் கம்பிய எண்ணினீங்களா?”

“எண்ணினேன். ஒண்ணு குறைஞ்சுது.”

அவர் முகம் மலர்ந்தது. யாரோ முதல் தடவையாக எண்ணியிருக்கிறார்கள். பெட்டியை லேசாகத் திறந்தார். உள்ளே துணிகளுக்கு மேல், கஞ்சி நிறப் பொலித்தீனில் சுற்றி நூலால் கட்டிய கடவுச்சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், முப்பது வருட வேலைக்கான கடிதம் ஒன்று.

“இது மக்காதுன்னு பெரட்டுல எல்லாரு முன்னாடியும் எழுதிக் குடுத்தீங்கள்ல? அதான் இதுல வச்சேன்.”

எனக்குச் சொல்ல வேண்டியிருந்தவை பல. ஒன்றுதான் வாயில் வந்தது. “வெயில் படாம வச்சுக்குங்க அக்கா.”

“பொட்டிக்குள்ள ஏது தம்பி வெயிலு.”

கோச்சி நகர்ந்தது. நான் பட்டிப்பொலவுக்குத் திரும்பும் கோச்சி மாலையில்தான். அதுவரை வெறும் மேடையில் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். ‘மறைந்துவிட்டது’ என்பதை அடித்துவிட்டு, ‘எங்கள் சல்லடையில் அகப்படவில்லை’ என்று எழுதுங்கள். பிறகு போய்த் தேடுங்கள். பாக்கியத்தின் குடும்பத்துக்கு நேரே தோட்டத்துப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் எந்த ஊரில் இறங்கினார், அங்கே யார் அவருக்கு வேலை கொடுத்தார்கள், இன்று இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது. விலாசம் கேட்கத் தோன்றவில்லை; கேட்டிருந்தாலும் அவரிடம் அன்று விலாசம் இருந்திராது.

அந்தப் பை மட்டும் எங்கோ இருக்கிறது. அதற்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.